அத்தை உடைக்காத கைப்பிடி

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டப வாசல். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு டிக்கியிலிருந்து சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இருந்த மாமியார் மட்டும் இறங்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து எதையோ ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் கதவின் உள்கைப்பிடி அவர் கையில் இருந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. தொட்டேன், வந்துடுச்சு."

"பரவாயில்லை அத்தை, பழைய பிளாஸ்டிக்" என்று சொல்லி வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் மனசு சமாதானம் ஆகவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் தான் மெதுவாகத்தான் இழுத்தேன் என்று நடித்துக் காட்டினார். தாலி கட்டியதைவிட எங்கள் வண்டிக் கதவைப் பற்றித்தான் அன்று அந்த வரிசையில் அதிகம் பேசினார்கள்.

எங்கள் வண்டி 2004 மாடல். 2013-ல் செகண்ட்ஹேண்டில் வாங்கினோம். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. இருபது வருஷம் வெயிலில் நின்ற ஒரு பொருள் உடைந்ததற்குச் செய்தவனைக் கைகாட்டுவது நியாயமாகப் படவில்லை. 15 வருஷம் முடிந்ததும் ஆர்சியை 5 வருஷத்துக்குப் புதுப்பித்தோம், பசுமை வரியும் கட்டினோம், அது முடிந்து மறுபடியும் புதுப்பித்தாயிற்று. இன்ஜின் இன்னும் கிண்ணென்று இருக்கிறது. பிரேக் பேட், கிளட்ச், ஃபில்டர் எல்லாம் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்தான் பிரச்சினை. ஏசி வென்ட், கைப்பிடி, கிளவ் பாக்ஸ் மூடி, சன் வைசர் கொக்கி. இவை இல்லாமலும் வண்டி ஓடும் என்பதால் இவற்றைத் தயாரிப்பதை முதலில் நிறுத்திவிடுகிறார்கள். போதாததற்கு ஒவ்வொன்றிலும் பீஜ், சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறம் வேறு.

நாங்கள் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். "அசெம்பிளியாத்தான் வரும் மேடம், முழு செட்டா. ஆர்டர் போட்டுப் பார்க்கலாம், வருமான்னு சொல்ல முடியாது" என்றார்கள். லேபரோடு சேர்த்து 2,800 ரூபாய் ஆகுமாம். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்குக்கு. மறுநாள் புதுப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

எழும்பூர் பக்கம், கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும். சந்துக்குச் சந்து கழற்றிய கதவுகள் அடுக்கியிருக்கும், பம்பர்கள் தலைக்கு மேல் தொங்கும், ஒரு கடை முழுக்க வெறும் ஸ்டியரிங்காக இருக்கும். நான் போன கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா?"

"சாருக்கு ஸ்க்ரூடிரைவர்ல எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது பாய்."

சிரித்துவிட்டார். அப்புறம் வியாபாரம் சுலபமாகிவிட்டது. "லெஃப்ட்டா, ரைட்டா?" என்று கேட்டார். லெஃப்ட் என்றேன். "உள்ள உக்காந்து பார்த்தாலா, வெளிய நின்னு கதவைப் பார்த்தாலா?" இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் கணக்காம். கைப்பிடியின் முதுகில் எல்எச், ஆர்எச் என்று புடைப்பாக எழுதியிருப்பதைக் காட்டினார். புது டூப்ளிகேட்டும் இருந்தது, பழைய வண்டியில் கழற்றிய ஒரிஜினலும் இருந்தது. பழசையே எடுக்கச் சொன்னார். வளைத்துப் பார்த்தேன். புதுசு மொறமொறவென்று வெளுத்தது, பழசு வளைந்து கொடுத்தது. ஒன்று 150 ரூபாய். என் வண்டி பீஜ், கிடைத்தது சாம்பல். சரி, கதவு திறந்தால் போதும்.

இந்த வேலையில் நேரம் எல்லாம் கழற்றுவதில்தான் போகிறது. கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அந்தப் பெரிய அட்டை, மெக்கானிக்குகள் டோர் பேட் என்பது, ஸ்க்ரூவாலும் கிளிப்பாலும் நிற்கிறது. ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். ஒன்று கைப்பிடிக் குழிக்குள், ஒன்று கைவைக்கும் இடத்துக்கு அடியில், ஒன்று சின்ன வட்ட மூடிக்குப் பின்னால். பேட் வர மறுக்கிறது என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பலத்தைக் காட்டித்தான் பாதிப் பேர் நல்ல பேட்டைப் பிளக்கிறார்கள். நானும் ஒரு மூலையைப் பிளந்தேன்.

கண்ணாடி ஏற்றும் சுழல் கைப்பிடி இன்னொரு சங்கதி. அதில் ஸ்க்ரூவே தெரியாது. பின்னால் குதிரை லாடம் போல வளைந்த ஒரு கம்பி கிளிப், கைப்பிடியைத் தண்டோடு கவ்விப் பிடித்திருக்கும். அதை எடுக்க ஸ்பெஷல் டூல் உண்டு. பழைய பனியன் துணியும் போதும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் துணியைச் செருகி, இரண்டு முனையையும் பிடித்து, குளித்துவிட்டு முதுகு துவட்டுவது போல இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். துணி கிளிப்பின் வாயில் சிக்கி அதைத் தள்ளிவிடும். முதல் தடவை நாலே இழுப்பில் "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது. கைப்பிடி கழன்றுவிட்டது. கிளிப் எங்கே போனது என்று தெரியவில்லை. சீட்டுக்கு அடியில், கால்மிதிக்கு அடியில், என் புடவை மடிப்பில்கூடத் தேடினேன். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் துணியை இழுப்பதற்கு முன் மேலே ஒரு துண்டைத் தொங்கவிடுகிறேன்.

மிச்சம் இருப்பது பிளாஸ்டிக் கிளிப்புகள். பேடின் கீழ் மூலையில் தட்டையாக எதையாவது செருகி, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். தள்ளி நெம்பினால் அட்டை கிழியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். எனக்கு வாகாக அமைந்தது சமையலறையில் இருந்த மரத் தோசைத்திருப்பி. விளிம்பு மெலிசு, நடுவில் தெம்பு, பெயின்டையும் சுரண்டாது. (அது மறுபடி சமையலறைக்குப் போகவில்லை. அத்தைக்கு இன்னும் அது தொலைந்துபோன கணக்குத்தான்.) பழைய ஏடிஎம் கார்டும் சின்ன இடங்களுக்கு உதவும். வேலையைக் காலைக் குளிரில் ஆரம்பிக்காமல், வண்டி அரை மணி நேரமாவது வெயிலில் நின்ற பிறகு செய்வது நல்லது. சூடேறிய பிளாஸ்டிக் கொஞ்சம் வளையும். கிளிப்பில் பத்துக்கு மூன்று எப்படியும் தலை முறியும், ஒரு டஜன் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

பேட் வந்ததும் பின்னால் ஒரு பாலித்தீன் ஷீட் இருக்க வேண்டும். கறுப்புப் பிசினால் கதவு இரும்போடு ஒட்டியிருக்கும். என் வண்டியில் இந்தக் கதவில் மட்டும் அது பாதி கிழிந்து சுருண்டு கிடந்தது. முன்பு எப்போதோ கண்ணாடி ரிப்பேர் பார்த்தவர் பிய்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார் போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் 2021 நவம்பர் ஞாபகம் வந்தது. சென்னை மிதந்த அந்த மழையில் எங்கள் பின்சீட்டுக் கால்மிதி ஈரமாகி, ஒரு மாசம் வண்டி பூராவும் ஊறப்போட்ட சாக்கு நாற்றம். ஏசித் தண்ணீர் கசிகிறது என்று நினைத்து அதற்குச் செலவு செய்தோம். உண்மையில், கண்ணாடியில் விழும் மழைத்தண்ணீர் ஓரளவு கதவுக்குள்ளே இறங்கத்தான் செய்யும். அது அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் உள்பக்கம் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஷீட்டின் வேலை. அது கிழிந்தால் கார்பெட் நனையும், டோர் பேடின் அட்டை ஊறி உப்பும், கிளிப் மாட்டும் துளைகள் பிய்யும், அப்புறம் பேட் லொடலொடவென்று ஆடும். கதவு ஆடுவதாக நாங்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். கெட்டியான பாலித்தீன் வாங்கி, பழைய ஷீட்டை அளவாக வைத்து வெட்டி, அதே பிசினை ஹேர் டிரையரால் இளக்கி ஒட்டினேன். அந்தப் பிசின் கையில் பட்டால் மண்ணெண்ணெய்க்குத்தான் போகும். சேலையில் பட்டால் போகவே போகாது.

கைப்பிடி மாட்டினேன். கதவு திறந்தது. 150 ரூபாயில் முடித்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு வாரம் பெருமை.

இரண்டு மாசத்தில் அது மறுபடி உடைந்தது. அதே இடம், கைப்பிடி சுழலும் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் காது. இந்தத் தடவை உடைத்தது என் மகன். நல்லவேளை, அத்தை வண்டியில் இல்லை. முதலில், பழைய பிளாஸ்டிக்கை வாங்கினால் இப்படித்தான் என்று நினைத்தேன். உடைந்த காதை அரால்டைட் வைத்து ஒட்டி, மேலே எம்சீல் பூசி, ஒரு மெல்லிய தகடும் வைத்துக் கட்டினேன். கல் மாதிரி ஆயிற்று. இனி உடையாது என்று மாட்டினேன். மூன்றே வாரம்தான். கைப்பிடி உடையவில்லை, கைப்பிடி உட்கார்ந்திருந்த கிண்ணம் விரிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் சரியான கேள்வி வந்தது. அந்தக் கைப்பிடியை இவ்வளவு பலமாக இழுக்க வேண்டிய அவசியம் என்ன?

பேடைக் கழற்றி, கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் கம்பியைக் கட்டிங் பிளையரால் பிடித்து நேராக இழுத்தேன். அசையவே மாட்டேன் என்றது. எதிர்ப்பக்க வலது கதவையும் கழற்றிப் பார்த்தேன். அங்கே ஒரு விரலால் தள்ளினாலே லாக் விட்டது. நம் ஊரில் இடது பக்கம்தான் நடைபாதை, ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடது பின்கதவில். வலது பின்கதவு வருஷத்தில் நாலு தடவை திறந்தால் அதிகம். இருபது வருஷத்துப் புழுதி முழுக்க இடது லாக்கில் இருந்த கிரீஸோடு கலந்து, எருமைச் சாணம் காய்ந்தது போல இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தை வெல்லும் பலம் முழுக்க ஒரு மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காதின் மேல் இறங்கியிருக்கிறது. அத்தை சொன்னது சரி. அவர் ஒன்றும் பண்ணவில்லை.

உங்கள் வண்டியிலும் கதவு கனமாகத் திறந்தால், பேடைக் கழற்றாமலே ஒன்று பார்க்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவு விளிம்பில் இருக்கும் லாக்கின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். இப்போது கைப்பிடியை இழுங்கள். இப்போதும் கனமாக இருந்தால் கோளாறு லாக்கில் அல்லது கம்பியில். இப்போது லேசாகவும் கதவு மூடியிருக்கும்போது மட்டும் கனமாகவும் இருந்தால், கதவு வந்து மாட்டும் வண்டித் தூணில் இருக்கும் கொக்கி இடம் மாறியிருக்கிறது அல்லது கதவு ரப்பர் அழுத்துகிறது. ஒன்று முக்கியம். சோதனை முடிந்ததும் நாக்கைத் திறந்துவிட்ட பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் இரும்போடு இரும்பு மோதும், அது வேறு செலவு. பின்கதவு உள்ளிருந்து திறக்கவே இல்லை என்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விளிம்பிலேயே இருக்கும் சைல்டு லாக் நெம்புகோலைப் பாருங்கள். ஒரு உறவினர் வண்டியில் நான் டோர் பேடையே கழற்றிய பிறகு அதைப் பார்த்தேன்.

லாக்கைக் கழுவ டபிள்யூடி-40 அடித்தேன், அடித்துக்கொண்டே நாக்கைத் திறந்து மூடினேன், கறுப்புத் தண்ணீராக வழிந்தது. அதோடு நிறுத்திவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி காய்ந்துவிடும். அது தண்ணீரை வெளியேற்றப் பிறந்த திரவம், பெயரில் இருக்கும் டபிள்யூடிக்கே அதுதான் அர்த்தம். நின்று வழுக்க வேண்டுமென்றால் கிரீஸ் வேண்டும். துடைத்து உலரவிட்டு, வெள்ளை கிரீஸைப் பழைய டூத் பிரஷ்ஷால் பூசினேன். புதுப்பேட்டைக்கு இன்னொரு நடை போய், இன்னொரு 150 ரூபாய்க் கைப்பிடியும் கிண்ணமும் வாங்கி மாட்டினேன். அது ஆகிறது மூன்று வருஷம்.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. உள்ளே உடைந்திருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்கனியில் அந்த டின்னைத் திறந்துகொண்டு உட்கார்வது. அதில் முதலில் கற்றுக்கொண்டது, உடைந்த துண்டைத் திருப்பிப் பார்ப்பது. பெரும்பாலான துண்டுகளின் முதுகில் இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே அது எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சாகியிருக்கும். ஏபிஎஸ், பிபி, பிஓஎம், பிஏ66. பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு, இது வேறு. பிபி என்பது பாலிபுரொப்பிலீன், பிஏ நைலான். மறுசுழற்சி செய்பவர்களுக்காகப் போட்ட எழுத்து என்றாலும், ஒட்டுகிற நமக்கு அதுதான் ஜாதகம்.

ஏபிஎஸ் என்றால் சந்தோஷப்படலாம். அது அசிட்டோனில் கரையும். வீணாய்ப்போன கம்ப்யூட்டர் மவுஸின் மேலோட்டில் அதே ஏபிஎஸ் எழுத்து இருந்தது. நறுக்கித் துணுக்குகளாக்கி, ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி, இறுக மூடி ராத்திரி விட்டுவிட்டேன். காலையில் தோசை மாவுப் பதத்தில் ஒரு கூழ். உடைந்த இரண்டு முகத்திலும் தடவிச் சேர்த்துப் பிடித்தால், இரண்டும் கரைந்து ஒன்றாகவே சேர்ந்துவிடுகின்றன. பின்பக்கம் ஒரு பட்டை கனமாகப் பூசி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலையே கூடாது, குபீரென்று பற்றிக்கொள்ளும். முன்பக்கம் ஒரு சொட்டு வழிந்தாலும் அந்த இடத்துச் சொரசொரப்பு கரைந்து பளபளவென்று தெரியும். எங்கள் மீட்டர் சட்டத்தில் வலது ஓரம் மின்னுகிறதே, அது டிசைன் கிடையாது. நெயில் பாலிஷ் ரிமூவரில் எல்லாவற்றிலும் அசிட்டோன் இருப்பதில்லை, அதையும் பாட்டிலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

பிபி பிடிவாதக்காரப் பிளாஸ்டிக். பெவிக்விக் மாதிரியான பசைகள் அதில் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும், அது பசையின் குற்றம் இல்லை. எழுத்து அழிந்திருந்தால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். சுத்தமான பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். டால்க் பொடி அதிகம் கலந்த பிபியும் மூழ்கும் என்பதுதான் சிக்கல், அதற்கு எழுத்தில் டி20 என்கிற மாதிரி ஒரு வால் இருக்கும். பிபியைச் சேர்க்க வெப்பம் ஒன்றுதான் எனக்குக் கைகொடுத்தது. 25 வாட் சால்டரிங் அயர்ன், ஸ்டேப்ளர் பின். விரிசலுக்குக் குறுக்கே பின்னை வைத்து, மேலே அயர்னை அழுத்தினால் சூடேறி உள்ளே அமுங்கும், டாக்டர் தையல் போட்ட மாதிரி. விரலளவு தூரத்துக்கு ஒரு தையல். அப்புறம் ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து கத்தரித்த பட்டையை மேலே உருக்கிப் பரப்ப வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் டப்பா பிபி. கிளவ் பாக்ஸ் மூடியின் கீல் இப்படித்தான் தேறியது. பின்பக்கம் பார்க்கச் சகிக்காது. யார் பார்க்கப்போகிறார்கள்? புகையை மட்டும் முகர வேண்டாம், ஃபேன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

பிஓஎம் நகத்தால் தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், பல்சக்கரம், நெம்புகோல், கொக்கி எல்லாம் அதில்தான் செய்வார்கள். அதை ஒட்டும் ஆசையை விட்டுவிட்டேன். ஊசி, கம்பி, சின்ன ஸ்க்ரூ என்று ஏதாவது வைத்துக் கட்டுவதுதான் வழி.

பெவிக்விக்கும் ஆப்பச்சோடாவும் சேர்ந்தால் நொடியில் கல்லாகும் என்பது ஊரறிந்த வித்தை. ஏபிஎஸ்ஸில் சின்னப் பள்ளம் நிரப்ப நல்லதுதான். சேரும்போது சுரீரென்று சூடாகும், ஆவி கண்ணைக் கரிக்கும். அந்தப் பசை காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகிறது. சென்னைப் புழுக்கத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் பிடிப்பதும், சுற்றி வெள்ளையாக விபூதி பூத்த மாதிரி படிவதும் அதனால்தான். டேஷ்போர்டில் மாட்டிய நிலையிலேயே ஒட்டினால் அந்த விபூதி கறுப்புப் பிளாஸ்டிக்கில் அழகாகத் தெரியும். கழற்றி, காற்றாட வைத்து ஒட்டுவதே மேல்.

இந்த டின்னில் எனக்குப் பிடித்த வேலை ஏசி வென்ட். நடு வென்டில் ஐந்து இதழ்களில் இரண்டு தொங்கிப்போய், காற்று என் முழங்காலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இதழின் இரண்டு முனையிலும் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு குச்சி. பின்னால் எல்லா இதழையும் ஒன்றாக ஆட்ட ஒரு குறுக்குப் பட்டை. என்னுடையதில் முறிந்தது முனைக் குச்சிகள். வெறுமனே ஒட்டினால் நிற்காது, சுழல வேண்டிய குச்சி அது. பழைய குண்டூசி டப்பாவை எடுத்தேன். ஊசியை லைட்டரில் காட்டி, முறிந்த இடத்தின் நடுவில் நேராக ஊன்றினேன், ஐந்து மில்லிமீட்டர் ஆழம். கோணினால் இதழ் சிக்கும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஆறியதும் பிடுங்கி, ஒரு துளி பசை விட்டு மறுபடி செருகி, வெளியே மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டுக் கட்டரால் நறுக்கினேன். ஊசி மெலிசு, சட்டத்தில் இருந்த துளை அகலம். தீர்ந்துபோன ரீஃபிலில் துளியூண்டு நறுக்கி ஊசிக்குச் சட்டை போட்டுவிட்டேன். ரீஃபில் குச்சியின் பருமனைத் துளைக்கு ஏற்றாற்போல் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆனது. மாட்டிவிட்டு விரலால் தள்ளினேன், ஐந்தும் சேர்ந்து தலையாட்டின.

இங்கேயும் உடைந்ததற்குக் காரணம் வேறு. வென்டில் கவ்வி மாட்டும் போன் ஹோல்டர். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கனம் அந்த இதழில் தொங்கியபடி ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் குதித்தால் குச்சி என்ன செய்யும். ஹோல்டரைத் தூக்கி முன்கண்ணாடிக்கு மாற்றினேன். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை, வெயில் அடிக்கிறது என்கிறார். மேப் பார்ப்பது அவர்தான், ஓட்டுவது நான். முடிந்தது.

வெயில் என்றதும் கூரைத் துணி ஞாபகம் வருகிறது. அரிசோனாவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களுக்குள் காற்று சராசரி 47 டிகிரி செல்சியஸ், டேஷ்போர்டு 69 டிகிரி. நம் கத்திரி வெயிலுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. 69 டிகிரியில் ஏபிஎஸ் உருகிவிடாது, அது இளகவே கிட்டத்தட்ட நூறு டிகிரி வேண்டும். ஆனால் தினம் சூடேறி, தினம் ஆறி, வருஷக்கணக்கில் மொறுமொறுத்துப்போகிறது. கூரைத் துணிக்கு நடப்பது இன்னும் மோசம். துணிக்கும் அட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் மாவாக உதிர்ந்துவிடும். எங்களுடையது தலையில் இடிக்கும் வரை தொங்கியது. ஊசி சிரிஞ்சில் பசை ஏற்றினேன், திட்டுத் திட்டாகக் கறை. குண்டூசி குத்தினேன், டூரிஸ்ட் கார் மாதிரி இருந்தது, இரண்டு நாளில் ஊசி ஒவ்வொன்றாக மடியில் விழுந்தது. மாவில் எதை ஒட்டினாலும் மாவோடு சேர்ந்து வரும். கூரை அட்டையை வெளியே எடுத்து, மாவை முழுக்கச் சுரண்டி, புதுத் துணி ஒட்ட வேண்டும். அது என் பால்கனி அளவு வேலை இல்லை. குஷன் கடையில் கொடுத்து 2,200 ரூபாயில் முடித்தேன். வெட்கப்படவில்லை.

சீட் பெல்ட்டின் எந்தப் பாகத்தையும் நான் ஒட்டுவதில்லை, ஸ்டியரிங் தண்டையும்தான். ஏர்பேக் எங்கள் வண்டியில் கிடையாது. டிரைவர் ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் அதன் மூடியையோ அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கையோ தொடாதீர்கள். அந்த மூடி சரியான நேரத்தில் கிழிவதற்கென்றே செய்யப்பட்டது, அதை ஒட்டிக் கல்லாக்கி வைப்பது ஆபத்து.

போன மாசம் அதே தாம்பரம் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போனோம். மண்டப வாசலில் நிறுத்தினேன். இடது பின்கதவு இப்போது ஒற்றை விரலுக்குத் திறக்கும், வீட்டில் இருந்து கிளம்பும்போதே அத்தைக்குச் செய்து காட்டியிருந்தேன். லாக், கிரீஸ், காய்ந்த புழுதி, எல்லாக் கதையும் சொல்லி, அன்றைக்கு உங்கள் மேல் தப்பே இல்லை அத்தை என்றும் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் இறங்கி, டிக்கியிலிருந்து வளையல் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பின்சீட்டில் அத்தை கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் கட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.